அமெரிக்காவின் கொள்கைகளை வடிவமைக்கும் பழமைவாத ஆய்வு மையங்கள்: 1973 முதல் 'புராஜெக்ட் 2025' வரை

அமெரிக்க அதிபராக டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 20ஆம் தேதி இரண்டாவது முறையாகப் பொறுப்பேற்றார். அன்றே அவர் கையெழுத்திட்ட நிர்வாக உத்தரவுகளில் ஒன்று, கொள்கை வகுப்பில் பங்கேற்கும் அரசு ஊழியர்களின் பணிப் பாதுகாப்பைத் தளர்த்துவதாகும். 2023 ஏப்ரலில் வாஷிங்டனைச் சேர்ந்த ஹெரிடேஜ் அறக்கட்டளை வெளியிட்ட, 900க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட நூலில் இதே பரிந்துரை இடம்பெற்றிருந்தது.

தேர்தலில் போட்டியிடாத, வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லாத ஓர் அமைப்பின் பரிந்துரை அதிபரின் மேசையை எட்டுவது அமெரிக்காவில் புதிதன்று. வரிக் குறைப்பு, ஏழைகளுக்கான உதவித்தொகை, ஈராக் போர், மருத்துவக் காப்பீடு, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தேர்வு எனக் கடந்த அரை நூற்றாண்டில் எடுக்கப்பட்ட பல முக்கிய முடிவுகளில் பழமைவாத ஆய்வு மையங்களின் பங்கு இருந்துள்ளது. இந்த மையங்கள் எவ்வாறு உருவாயின, அவற்றின் செல்வாக்கு எந்த வழிகளில் செயல்படுகிறது, அதன் எல்லைகள் எவை என்பது குறித்த தொகுப்பு இது.

ஆய்வு மையங்களுக்கு ஏன் இத்தனை இடம்?

'திங்க் டேங்க்' எனப்படும் கொள்கை ஆய்வு மையங்கள், அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வெளியே இருந்துகொண்டு பொதுக்கொள்கை குறித்து ஆய்வு செய்து பரிந்துரைகளை வெளியிடும் தனியார் அமைப்புகள் ஆகும். 1916இல் தோன்றிய அமைப்பிலிருந்து வளர்ந்த புரூக்கிங்ஸ் இன்ஸ்டிடியூஷன், 1948இல் தனி நிறுவனமான ராண்ட் கார்ப்பரேஷன் ஆகியவை இவற்றுள் பழமையானவை.

அமெரிக்க ஆட்சிமுறையின் அமைப்பே இத்தகைய மையங்களுக்கு இடமளிக்கிறது. அங்கு அதிபர் மாறும்போது அமைச்சர்கள் மட்டுமன்றி, சுமார் 4,000 அரசியல் நியமனப் பதவிகளில் இருப்போரும் மாறுகின்றனர். தேர்தலில் வெற்றி பெற்றவர் பதவியேற்பதற்கு முன் கிடைக்கும் ஏறத்தாழ பதினோரு வாரங்களில் இப்பதவிகளுக்குரிய ஆட்களையும், அவர்கள் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியலையும் ஆயத்தப்படுத்த வேண்டும். அமெரிக்கக் கட்சிகளுக்கு இப்பணிக்கான நிரந்தரக் கொள்கைப் பிரிவு பெரிய அளவில் இல்லை. அந்த வெற்றிடத்தை ஆய்வு மையங்கள் நிரப்புகின்றன. கட்சி ஆட்சியில் இல்லாத காலத்தில் அதன் நிபுணர்கள் இம்மையங்களில் பணியாற்றுவதும், ஆட்சி திரும்பியதும் அரசுப் பதவிகளுக்குச் செல்வதும் வழக்கமாகிவிட்டது.

தொழிலதிபர்களின் அச்சத்தில் பிறந்த இயக்கம்

பழமைவாத மையங்களில் மூத்தவற்றுள் ஒன்றான ஹூவர் இன்ஸ்டிடியூஷன், பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவரால் 1919இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போர் ஆவணக் காப்பகமாகத் தொடங்கப்பட்டது. 1938இல், அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரத் திட்டங்களை எதிர்த்த தொழிலதிபர்கள் நியூயார்க்கில் ஓர் அமைப்பை உருவாக்கினர். வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்த அந்த அமைப்பு 1962இல் அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட் எனப் பெயர் மாறியது.

எனினும், 1970களின் தொடக்கத்தில்தான் பெரும் திருப்பம் ஏற்பட்டது. நுகர்வோர் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் தொடர்பான புதிய சட்டங்கள் அடுத்தடுத்து இயற்றப்பட்டதால் தொழில் துறையினர் கவலையடைந்திருந்தனர். 1971 ஆகஸ்டில் வழக்கறிஞர் லூயிஸ் பவல், அமெரிக்க வர்த்தக சபைக்கு ஓர் இரகசியக் குறிப்பை அனுப்பினார். பல்கலைக்கழகங்கள், ஊடகங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றில் தொழில் துறையின் குரல் ஒலிக்க வேண்டும் என்றும், அதற்கு நீண்டகாலத் திட்டமும் நிதியும் தேவை என்றும் அவர் வலியுறுத்தினார். அடுத்த சில மாதங்களில் பவல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தக் குறிப்பின் தாக்கம் பிற்காலத்தில் மிகைப்படுத்தப்பட்டது எனக் கருதும் வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. ஆயினும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் கூர்ஸ், ஸ்கைஃப், ஒலின், கோக் போன்ற செல்வந்தக் குடும்பங்களும் அவற்றின் அறக்கட்டளைகளும் பழமைவாத அமைப்புகளுக்குப் பெருமளவில் நிதி வழங்கத் தொடங்கின.

1973இல் நாடாளுமன்ற உதவியாளர்களான பால் வெய்ரிச், எட்வின் ஃபூல்னர் ஆகியோர் ஹெரிடேஜ் அறக்கட்டளையைத் தொடங்கினர். மதுபான ஆலை அதிபர் ஜோசப் கூர்ஸ் அளித்த 2.5 லட்சம் டாலர் அதன் தொடக்க நிதியாக அமைந்தது. இந்த அமைப்பின் தோற்றத்துக்கு ஃபூல்னர் கூறிவந்த காரணம் கவனிக்கத்தக்கது. ஒலியை விஞ்சும் வேகத்தில் செல்லும் பயணிகள் விமானத் திட்டத்துக்கு நிதி ஒதுக்குவது குறித்து 1971இல் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தியது. அது பற்றிய அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டின் சிறந்த ஆய்வறிக்கை ஒன்று, வாக்கெடுப்பு முடிந்த பின்னரே உறுப்பினர்களின் கைக்குக் கிடைத்தது. வாக்கெடுப்பின் முடிவில் தலையிட்டதாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே அறிக்கை தாமதமாக அனுப்பப்பட்டது என அறிந்த இருவரும், அதற்கு நேர்மாறாகச் செயல்படும் அமைப்பு தேவை என்று முடிவு செய்தனர்.

அதன்படி ஹெரிடேஜ் அறக்கட்டளை தடித்த நூல்களுக்குப் பதிலாக, வாக்கெடுப்புக்கு முன்பே உறுப்பினர்களின் கையில் சேரும் சில பக்கக் குறிப்புகளை வெளியிட்டது. விமான நிலையத்திலிருந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வரும் கார் பயணத்துக்குள் படித்து முடிக்கக் கூடியதாக அறிக்கை இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோலாக இருந்தது. பல்கலைக்கழகப் பாணி ஆய்வு நிறுவனங்களிலிருந்து மாறுபட்ட, வெளிப்படையாகவே ஒரு தரப்புக்காக வாதிடும் புதிய வகை ஆய்வு மையத்துக்கு இது முன்மாதிரியானது. 1977இல் சந்தைச் சுதந்திரத்தை முன்னிறுத்தும் கேட்டோ இன்ஸ்டிடியூட்டும், 1978இல் நியூயார்க்கில் மன்ஹாட்டன் இன்ஸ்டிடியூட்டும் தோன்றின.

ரீகன் காலமும் ஆயிரம் பக்க நூலும்

1980 நவம்பரில் ரொனால்ட் ரீகன் அதிபர் தேர்தலில் வென்றபோது, ஹெரிடேஜ் அறக்கட்டளை தனது பரிந்துரைகளை ஏற்கெனவே ஆயத்தமாக வைத்திருந்தது. 'மேண்டேட் ஃபார் லீடர்ஷிப்' என்ற அந்த நூல் 1981இல் சுமார் 1,100 பக்கங்களில் வெளியானது. துறை வாரியாக 2,000க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் அதில் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் நிறைவேற்றப்பட்டன அல்லது தொடங்கப்பட்டன என்று அறக்கட்டளை பின்னர் உரிமை கோரியது.

நூல் மட்டுமன்றி ஆட்களும் ஆய்வு மையங்களிலிருந்து அரசுக்குச் சென்றனர். அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய முர்ரே வைடன்பாம் அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவரானார். ஜீன் கிர்க்பாட்ரிக் ஐ.நா.வுக்கான தூதரானார். புதிய ஒழுங்குமுறை விதி எதையும் பிறப்பிக்கும் முன் அதன் செலவையும் பயனையும் கணக்கிட வேண்டும் என 1981 பிப்ரவரியில் ரீகன் பிறப்பித்த உத்தரவு, அம்மையத்தின் நிபுணர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த கருத்தை ஒட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான வரிச் சட்டம், தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்தது.

அதேவேளையில், பழமைவாதிகளின் விருப்பப் பட்டியலில் முதன்மை இடம் பெற்றிருந்த ஒன்றை ரீகனால் நிறைவேற்ற முடியவில்லை. முந்தைய ஆட்சியில் உருவாக்கப்பட்ட கல்வித் துறையை மூடுவதாக அவர் வாக்குறுதி அளித்திருந்தார். நாடாளுமன்றத்தின் ஆதரவு கிடைக்காததால் அது கைவிடப்பட்டது.

ஏழைகளின் உதவித்தொகை: ஒரு நூல் ஏற்படுத்திய மாற்றம்

சமூகத்தின் அடித்தட்டு மக்களை நேரடியாகப் பாதித்த மாற்றங்களில் 1996ஆம் ஆண்டின் உதவித்தொகைச் சீர்திருத்தச் சட்டம் முக்கியமானது. இதன் கருத்தியல் பின்னணியில், மன்ஹாட்டன் இன்ஸ்டிடியூட்டின் ஆதரவுடன் சார்லஸ் முர்ரே எழுதி 1984இல் வெளியான 'லூசிங் கிரவுண்ட்' என்ற நூல் இருந்தது. அரசு வழங்கும் உதவிகளே மக்களை வேலையிலிருந்தும் குடும்ப வாழ்விலிருந்தும் விலக்கி வறுமையில் நிறுத்துகின்றன என அவர் வாதிட்டார். இந்த வாதத்தைப் பொருளாதார அறிஞர்கள் பலர் மறுத்தனர். எனினும் விவாதத்தின் போக்கு மாறியது. வறுமையை எவ்வாறு ஒழிப்பது என்ற கேள்வியின் இடத்தை, உதவியைச் சார்ந்திருக்கும் நிலையை எவ்வாறு ஒழிப்பது என்ற கேள்வி எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் பில் கிளிண்டன், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றம் அனுப்பிய மசோதாவில் 1996 ஆகஸ்ட் 22ஆம் தேதி கையெழுத்திட்டார். முந்தைய இரண்டு மசோதாக்களை அவர் நிராகரித்திருந்தார். மசோதாவின் உருவாக்கத்தில் ஹெரிடேஜ் அறக்கட்டளையின் ராபர்ட் ரெக்டர் பங்காற்றினார். ஏழைக் குழந்தைகளைக் கொண்ட குடும்பங்களுக்கு உரிமையாக வழங்கப்பட்டுவந்த உதவி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் மொத்த நிதியாக வழங்கப்பட்டது. பயனாளிகள் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனையானது. மத்திய அரசு நிதியிலிருந்து வாழ்நாளில் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே உதவி பெற முடியும் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது.

சட்டம் நிறைவேறியபோது 1.2 கோடிக்கும் அதிகமாக இருந்த பயனாளிகளின் எண்ணிக்கை, 2000ஆம் ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே குறைந்தது. தனித்து வாழும் தாய்மாரிடையே வேலைக்குச் செல்வோர் அதிகரித்ததைச் சீர்திருத்தத்தின் வெற்றியாக ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அக்காலத்தில் பொருளாதாரம் செழித்திருந்ததும், குறைந்த ஊதியத் தொழிலாளர்களுக்கான வரிச் சலுகை உயர்த்தப்பட்டிருந்ததுமே முக்கியக் காரணங்கள் என்று விமர்சகர்கள் கூறுகின்றனர். மாநிலங்களுக்கான நிதி பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தப்படாததால், அதன் உண்மையான மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துவருவதையும் அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

ஈராக் போர்

வெளியுறவுத் துறையில் ஆய்வு மையங்களின் செல்வாக்குக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஈராக் போர் ஆகும். 1997இல் வில்லியம் கிறிஸ்டல், ராபர்ட் கேகன் ஆகியோர் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுக்கான திட்டம்' என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினர். ஈராக் அதிபர் சதாம் உசேனை ஆட்சியிலிருந்து அகற்றுவதை அமெரிக்கக் கொள்கையாக்க வேண்டும் என்று 1998 ஜனவரியில் அந்த அமைப்பு அதிபர் கிளிண்டனுக்குக் கடிதம் எழுதியது. அதில் கையெழுத்திட்ட 18 பேரில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், பால் வுல்ஃபோவிட்ஸ் ஆகியோரும் அடங்குவர். மூன்று ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசில் முன்னவர் பாதுகாப்பு அமைச்சராகவும், பின்னவர் துணை அமைச்சராகவும் பொறுப்பேற்றனர்.

2003 மார்ச்சில் போர் தொடங்குவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பு, ஈராக்கின் எதிர்காலம் குறித்த தமது உரையை அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டின் ஆண்டு விருந்திலேயே புஷ் நிகழ்த்தினார். அம்மையத்தைச் சேர்ந்த 20 பேர் தமது நிர்வாகத்தில் பணியாற்றுவதாக அவர் அங்கு குறிப்பிட்டார். போருக்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கண்டெடுக்கப்படவில்லை. அமெரிக்கப் படையினர் 4,400க்கும் மேற்பட்டோரும், பல மடங்கு அதிகமான ஈராக்கியரும் உயிரிழந்தனர். 2007 ஜனவரியில் ஈராக்குக்குக் கூடுதலாக 20,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்ப புஷ் முடிவு செய்தபோதும், அதே மையத்தின் ஃபிரெடெரிக் கேகன் தலைமையிலான குழுவின் அறிக்கை அதற்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்றாக இருந்தது.

பழமைவாத மையங்கள் அனைத்தும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதும் இப்போரில் வெளிப்பட்டது. கேட்டோ இன்ஸ்டிடியூட் போரைத் தொடக்கம் முதலே எதிர்த்தது.

கைமாறிய யோசனை

ஆய்வு மையம் ஒன்று முன்வைத்த யோசனை அதன் எதிர்த்தரப்பின் சட்டமாக மாறியதும் உண்டு. 1989இல் ஹெரிடேஜ் அறக்கட்டளையின் ஸ்டூவர்ட் பட்லர், பெருஞ்செலவு நோய்களுக்கேனும் ஒவ்வொரு குடும்பமும் மருத்துவக் காப்பீடு பெற்றிருப்பதைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தார். அரசே காப்பீடு வழங்கும் முறைக்கு மாற்றாக, தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்தும் பழமைவாதத் தீர்வாக இது முன்வைக்கப்பட்டது. கிளிண்டனின் மருத்துவத் திட்டத்துக்கு மாற்றாகக் குடியரசுக் கட்சி செனட் உறுப்பினர்கள் சிலர் 1993இல் கொண்டுவந்த மசோதாவிலும் இந்த அம்சம் இருந்தது. 2006இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த அதே கட்சியின் மிட் ராம்னி இதனைச் சட்டமாக்கினார்.

2010 மார்ச்சில் அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதே கட்டாயம் தேசிய அளவில் இடம்பெற்றபோது, ஹெரிடேஜ் அறக்கட்டளை அதைக் கடுமையாக எதிர்த்தது. தமது கருத்து மாறிவிட்டது என்றும், தாம் முன்பு கூறியதும் இச்சட்டமும் வேறுவேறு என்றும் பட்லர் விளக்கினார். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் இந்த அம்சத்தை வரி என்ற அடிப்படையில் ஏற்றது. 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டம், காப்பீடு பெறாதோருக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது.

நீதிமன்றங்களும் மாநிலங்களும்

1982இல் சட்டக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி, வழக்கமான ஆய்வு மையம் அன்று. அது கொள்கை அறிக்கைகளை வெளியிடுவதில்லை; பழமைவாத வழக்கறிஞர்களையும் நீதிபதிகளையும் இணைக்கும் வலையமைப்பாகச் செயல்படுகிறது. 2016 தேர்தலின்போது, உச்ச நீதிமன்றத்துக்குத் தாம் பரிசீலிக்கும் நீதிபதிகளின் பட்டியலை டிரம்ப் வெளியிட்டார். ஃபெடரலிஸ்ட் சொசைட்டி, ஹெரிடேஜ் அறக்கட்டளை ஆகியவற்றின் ஆலோசனையுடன் உருவான அத்தகைய பட்டியல்களிலிருந்தே 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் மூவர் நியமிக்கப்பட்டனர். கருக்கலைப்புக்கான அரசமைப்புச் சட்ட உரிமையை 2022 ஜூனில் நீக்கிய தீர்ப்பிலும், சட்டங்களுக்கு விளக்கம் அளிப்பதில் அரசுத் துறைகளுக்கு இருந்த முன்னுரிமையை 2024 ஜூனில் நீக்கிய தீர்ப்பிலும் இந்த மூவரின் வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன.

மாநில அளவில், வெய்ரிச் உள்ளிட்டோர் 1973இல் தொடங்கிய அமெரிக்க சட்டமியற்றல் பரிமாற்றக் குழு, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களையும் நிறுவனப் பிரதிநிதிகளையும் ஒருங்கே அமர்த்தி மாதிரி மசோதாக்களை உருவாக்குகிறது. மிச்சிகன் மாநிலத்தின் மெக்கினாக் மையம் பல ஆண்டுகளாக வலியுறுத்திய, தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கத் தடை விதிக்கும் சட்டம் அங்கு 2012இல் நிறைவேறியது. ஆட்சி மாறிய பின் 2023இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஏற்க இயலாததாகத் தோன்றும் கருத்து படிப்படியாக விவாதத்துக்கு உரியதாகவும், பின்னர் சட்டமாகவும் மாறுவதை விளக்கும் 'ஓவர்ட்டன் சாளரம்' என்ற கருத்தாக்கம், அம்மையத்தின் நிர்வாகியாக இருந்த ஜோசப் ஓவர்ட்டனின் பெயரால் வழங்குகிறது.

புராஜெக்ட் 2025

ரீகன் காலத்து முன்மாதிரியைப் பின்பற்றி, 100க்கும் மேற்பட்ட அமைப்புகளை இணைத்து ஹெரிடேஜ் அறக்கட்டளை உருவாக்கியதே 'புராஜெக்ட் 2025' ஆகும். கொள்கை நூல், நியமனத்துக்கு உரியோரின் தரவுத்தளம், அவர்களுக்கான பயிற்சி, முதல் 180 நாட்களுக்கான செயல்திட்டம் ஆகிய நான்கும் அதன் தூண்களாக அறிவிக்கப்பட்டன. டிரம்பின் முதல் ஆட்சியில் அதிகாரிகளின் எதிர்ப்பால் பல திட்டங்கள் முடங்கின என்ற எண்ணமே இதற்குத் தூண்டுதலாக இருந்தது. நூலை எழுதியோரில் கணிசமானோர் அந்த ஆட்சியில் பணியாற்றியவர்கள்.

2024 தேர்தல் பிரசாரத்தில் ஜனநாயகக் கட்சி இந்நூலைத் தாக்குதல் ஆயுதமாக்கியது. தமக்கு இத்திட்டம் பற்றி எதுவும் தெரியாது என்று டிரம்ப் ஜூலையில் அறிவித்தார். அம்மாத இறுதியில் திட்டத்தின் இயக்குநர் பால் டான்ஸ் பதவி விலகினார். ஆனால் தேர்தல் வெற்றிக்குப் பின் நூலாசிரியர்கள் சிலர் முக்கியப் பதவிகளில் அமர்ந்தனர். அதிபர் அலுவலகம் குறித்த அத்தியாயத்தை எழுதிய ரஸ்ஸல் வாட், 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் நிர்வாக, பட்ஜெட் அலுவலக இயக்குநரானார். மத்திய தகவல் தொடர்பு ஆணையம் குறித்து எழுதிய பிரெண்டன் கார் அதே ஆணையத்தின் தலைவரானார். வர்த்தகம் குறித்து எழுதிய பீட்டர் நவாரோ, அதிபரின் வர்த்தக ஆலோசகரானார்.

நூலில் இருந்தவற்றுள் பல நடைமுறைக்கு வந்தன. பணிப் பாதுகாப்பைத் தளர்த்தும் உத்தரவால் சுமார் 50,000 பணியிடங்கள் பாதிக்கப்படலாம் என அரசே மதிப்பிட்டது. கல்வித் துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளைத் தொடங்குமாறு 2025 மார்ச்சில் டிரம்ப் உத்தரவிட்டார். எனினும் துறையை முற்றிலும் நீக்க நாடாளுமன்றத்தின் சட்டம் தேவை. பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 110 கோடி டாலர் ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

நூலும் நடைமுறையும் வேறுபட்ட இடங்களும் உள்ளன. வெளிநாடுகளுக்கு உதவி வழங்கும் யுஎஸ்எய்ட் முகமையைச் சுருக்கிச் சீரமைக்க வேண்டும் என்றே நூல் கூறியது. அரசோ அதை 2025 ஜூலையில் மூடி, எஞ்சிய பணிகளை வெளியுறவுத் துறையுடன் இணைத்தது. வர்த்தகக் கொள்கை குறித்து, இறக்குமதி வரியை ஆதரிக்கும் நவாரோவின் கட்டுரையும், தடையற்ற வர்த்தகத்தை ஆதரிக்கும் கென்ட் லாஸ்மனின் கட்டுரையும் நூலில் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. அதிபர் முன்னதன் பாதையைத் தேர்ந்தெடுத்தார். தயாராக இருக்கும் யோசனைகளில் எது வேண்டும் என்பதை ஆட்சியாளரே தீர்மானிக்கிறார் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

இந்த நூலில் இந்தியா இரு வேறு முகங்களில் தோன்றுகிறது. வெளியுறவுத் துறை பற்றிய அத்தியாயம், சீனாவைச் சமன்செய்வதில் இந்தியாவின் பங்கை முக்கியமானதாகக் கருதி ஒத்துழைப்பை வளர்க்கப் பரிந்துரைக்கிறது. நவாரோவின் கட்டுரையோ, அமெரிக்கப் பொருட்களுக்கு அதிக வரி விதிக்கும் நாடுகளில் ஒன்றாக இந்தியாவைக் காட்டுகிறது. 2025 ஆகஸ்டில், ரஷிய எண்ணெய் கொள்முதலுக்கான கூடுதல் வரியையும் சேர்த்து இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அதை வெளிப்படையாக ஆதரித்து வாதிட்டவர்களில் நவாரோ முன்னணியில் இருந்தார்.

எச்-1பி விசாவை, மிக உயர்ந்த ஊதியம் பெறும் திறனாளர்களுக்கு மட்டுமே உரியதாக மாற்ற வேண்டும் என்பதும் நூலின் பரிந்துரைகளில் ஒன்று. இந்த விசாவுக்கு அளிக்கப்படும் ஒப்புதல்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தியர்களுக்கானவை. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. குலுக்கலில் உயர் ஊதியப் பணியிடங்களுக்கு அதிக வாய்ப்பளிக்கும் விதியும் அதே மாதம் முன்மொழியப்பட்டது. இவற்றுள் கட்டணம் நூலில் இல்லாதது. ஊதிய அடிப்படையிலான முன்னுரிமை நூலின் நோக்கத்தை ஒட்டியது.

நிதியும் விமர்சனமும்

இந்த மையங்களில் பெரும்பாலானவை, அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் பதிவு பெற்றவை. இவற்றுக்கு நன்கொடை அளிப்போர் வரிச் சலுகை பெறலாம். நன்கொடையாளர்களின் பெயர்களைப் பொதுவெளியில் வெளியிட வேண்டியதில்லை. தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவதற்கும் வரம்பு உண்டு. இந்த வரம்பைக் கடந்து செயல்பட, ஹெரிடேஜ் அறக்கட்டளை 2010இல் 'ஹெரிடேஜ் ஆக்ஷன்' என்ற தனி அமைப்பைத் தொடங்கியது.

ஆய்வு என்ற பெயரில் வெளியாகும் பரிந்துரையால் யார் பயனடைகிறார், அதற்கு யார் பணம் கொடுத்தார் என்பதை வாக்காளர் அறிய இயலவில்லை என்பதே விமர்சகர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. நன்கொடையாளர்களின் பெயர் வெளியானால் அவர்கள் மிரட்டலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாவர் என்றும், கருத்துரிமையின் ஒரு பகுதியே இந்த இரகசியம் என்றும் மையங்கள் பதிலளிக்கின்றன. இடதுசாரித் தரப்பிலும் இதே நடைமுறை இருப்பதையும் அவை சுட்டிக்காட்டுகின்றன. 2003இல் ஜான் பொடெஸ்டா தொடங்கிய அமெரிக்க முன்னேற்ற மையம், ஹெரிடேஜ் அறக்கட்டளைக்கு ஈடு கொடுக்கும் நோக்கத்துடன் உருவானது. ஒபாமாவின் ஆட்சி மாற்றக் குழுவை வழிநடத்தியவர்களில் பொடெஸ்டாவும் ஒருவர்.

செல்வாக்கின் எல்லை

டிரம்பின் முதல் ஆட்சியின் ஓராண்டு முடிவில், தனது பரிந்துரைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கப்பட்டதாக ஹெரிடேஜ் அறக்கட்டளை 2018இல் அறிவித்தது. இத்தகைய கணக்குகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது. வெற்றியைப் பெரிதாகக் காட்டுவது நன்கொடை திரட்ட உதவும். ஆட்சியாளர் தாமாகவே செய்திருக்கக் கூடிய முடிவுகளும் அக்கணக்கில் சேர்ந்துவிடும்.

தோல்விகளும் உள்ளன. முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளாக மாற்றும் யோசனைக்காகக் கேட்டோ இன்ஸ்டிடியூட் பல ஆண்டுகள் பாடுபட்டது. 2005இல் அதிபர் புஷ் அதைத் தமது முதன்மைத் திட்டமாக அறிவித்தும், மக்களின் எதிர்ப்பால் மசோதா வாக்கெடுப்பு நிலையைக்கூட எட்டவில்லை. ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் கோடிக்கணக்கான முதியோரின் வாக்கு, ஆய்வறிக்கைகளைவிட வலிமையாக இருந்தது.

மையங்களுக்கு இடையேயான போட்டியும் கூடியுள்ளது. 2021இல் தொடங்கப்பட்ட அமெரிக்கா முதலில் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த லிண்டா மெக்மஹோன் கல்வி அமைச்சராகவும், புரூக் ரோலின்ஸ் வேளாண் அமைச்சராகவும் 2025இல் பொறுப்பேற்றனர். அதே ஆண்டின் இறுதியில், ஹெரிடேஜ் அறக்கட்டளைத் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் வெளியிட்ட கருத்து ஒன்றை எதிர்த்து அதன் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் சிலரும் ஊழியர்களும் விலகினர்.

நிர்வாக உத்தரவு வழியாக நிறைவேறும் பரிந்துரைகள், அடுத்த அதிபர் வந்ததும் நீக்கப்படக் கூடியவை. அரசு ஊழியர்களின் பணிப் பாதுகாப்பைத் தளர்த்தும் உத்தரவு முதன்முதலில் 2020 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரியில் அதிபர் ஜோ பைடனால் ரத்து செய்யப்பட்டு, 2025 ஜனவரியில் மீண்டும் உயிர் பெற்றது. நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளின் வாக்குகளுடன் நிறைவேறிய 1996ஆம் ஆண்டின் உதவித்தொகைச் சட்டமோ, அதன் பின்னர் இரு கட்சிகளும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தபோதிலும் அடிப்படை மாற்றமின்றி நீடித்துவருவது குறிப்பிடத்தக்கது.